தேவசித்தத்தை அறிவது எப்படி? புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகைகளில் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். மண்டபம் பேசி, சமையலுக்கு முன்பணம் கொடுத்து, தேதியும் நேரமும் அச்சடித்த பிறகும் அந்த வரி அங்கே இருக்கும். இது யாக்கோபின் நிருபத்திலிருந்து வந்த வழக்கம். "அந்த ஊருக்குப் போவோம், ஒரு வருஷம் தங்கி வியாபாரம் செய்வோம், சம்பாதிப்போம்" என்று கணக்குப் போடுகிறவர்களிடம், "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறார் அவர் (யாக்கோபு 4:13-15). திட்டம் போடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நாளைய தினம் நம் கையில் இல்லை என்பதை மறந்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள் என்கிறார்.

சபைக்குப் புதிதாக வந்தவர்களின் காதில், தேவனுடைய விருப்பம் என்று பொருள்படும் இந்தச் சொல் இன்னும் பல இடங்களில் விழும். துக்க வீட்டில் ஒருவர் "எல்லாம் தேவசித்தம்" என்பார். போதகர் பிரசங்கத்தில் "தேவசித்தத்தைச் செய்யுங்கள்" என்பார். வேலை மாறலாமா என்று யோசிக்கும் அண்ணன் ஒருவர் "தேவசித்தம் தெரியணும், ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டுக்கொள்வார். மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் மூன்று வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இதைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

துக்க வீட்டில் பேசப்படுவது, உலகம் முழுவதையும் தேவன் ஆளுகிறார் என்ற நம்பிக்கை. என்ன நடக்கப் போகிறது என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது, தெரிந்துகொள்ளச் சொல்லியும் வேதம் நம்மைக் கேட்கவில்லை. "மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்" என்கிறது உபாகமம் 29:29. ஆனால், பிள்ளையை இழந்த தாயிடம் போன உடனே "எல்லாம் தேவசித்தம், அழாதீங்க" என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இறந்துபோன தம் நண்பன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசு, அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். நாமும் முதலில் அவர்களோடு உட்கார்ந்து அழுவதுதான் சரி.

போதகர் சொல்வது இரண்டாவது வகை. அதே உபாகம வசனத்தின் அடுத்த பாதி அதைச் சொல்கிறது: வெளிப்படுத்தப்பட்டவைகள் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை, அவற்றின்படி நாம் செய்ய வேண்டும். இந்த வகையில் தேடுவதற்கு எதுவுமே இல்லை, எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. "நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தமாயிருக்கிறது" (1 தெசலோனிக்கேயர் 4:3). எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது தேவசித்தம் என்று அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. நியாயம் செய், இரக்கத்தை நேசி, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நட என்று மீகா 6:8 சொல்கிறது. பொய் சொல்லாதே, கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைக்காதே, மன்னித்துவிடு, திக்கற்றவர்களை விசாரி. இதற்கெல்லாம் தனி வெளிப்பாடு தேவையில்லை.

நம் வீடுகளில் நடப்பதை வைத்தே இதைப் பார்க்கலாம். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். உபவாசம் இருந்து "ஆண்டவரே, உமது சித்தமான வரனைக் காட்டும்" என்று ஜெபிக்கிறார்கள். ஜெபம் முடிந்து ஹாலில் உட்கார்ந்ததும் எத்தனை சவரன், கார் எந்த மாடல், ரொக்கம் எவ்வளவு என்று பேச்சு ஆரம்பிக்கிறது. திருமணத் தகவல் விளம்பரத்தில் "சி.எஸ்.ஐ." (தென்னிந்தியத் திருச்சபை) என்று போட்டு, அதை ஒட்டியே சாதிப் பெயரையும் போடுகிறார்கள். கிறிஸ்துவுக்குள் யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை என்று கலாத்தியர் 3:28 தெளிவாகச் சொன்ன பிறகு, எந்த வரன் தேவசித்தம் என்று அந்தச் சாதி வட்டத்துக்குள் மட்டும் தேடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. சொல்லப்பட்ட சித்தத்தை மூடி வைத்துவிட்டு, சொல்லப்படாததை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். "அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனெவனோ" அவன் அறிந்துகொள்வான் என்று இயேசு யோவான் 7:17-ல் சொல்கிறார். அங்கே அவர் பேசுவது தம்முடைய உபதேசத்தைப் பற்றி. என்றாலும், செய்ய மனது வந்த பிறகுதான் தெளிவு வருகிறது என்ற வரிசை இங்கேயும் பொருந்தும்.

சரி, மூன்றாவது வகைக்கு வருவோம். எந்த வேலை, எந்த ஊர், யாரைக் கல்யாணம் செய்வது, மேலே படிக்கலாமா என்பவை. "ராஜேஷ், நீ கோயம்புத்தூருக்குப் போ" என்று வேதத்தில் எங்கும் எழுதியிருக்காது. பெரும்பாலோர் தவிப்பது இங்கேதான். இதற்கு வேதத்திலேயே நெருக்கமாகப் படிக்கத்தக்க ஒரு பயணம் இருக்கிறது: அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரம்.

அப்போஸ்தலன் பவுலும் அவருடைய உடன் ஊழியர்கள் சீலா, தீமோத்தேயுவும் இன்றைய துருக்கிக்குள் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். மேற்கே ஆசியா என்ற ரோம மாகாணம், எபேசு பட்டணம் இருந்த பகுதி. அங்கே வசனம் சொல்லாதபடி பரிசுத்த ஆவியானவர் தடை செய்தார். வடக்கே பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதற்கும் இடம் கிடைக்கவில்லை. எப்படித் தடுத்தார் என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்லவில்லை. உடல்நிலையா, வழியில் சிக்கலா, உள்ளத்தில் ஓர் உறுத்தலா, தெரியாது. கடைசியில் துரோவா என்ற கடற்கரைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று இரவு பவுலுக்கு ஒரு தரிசனம்: மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று, "நீர் மக்கெதோனியாவுக்கு வந்து எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்" என்று கூப்பிடுகிறான்.

இங்கே பலரும் தரிசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். தரிசனம் வரட்டும் என்று பவுல் எங்கேயும் உட்கார்ந்திருக்கவில்லை. சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்ற தெரிந்த கட்டளையோடு, தனக்கு நியாயமாகப் பட்ட பக்கம் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு முறை வழி அடைபட்டும் அவர் சோர்ந்து திரும்பவில்லை. அப்புறம், தரிசனம் கண்டது பவுல் ஒருவர், ஆனால் பத்தாம் வசனத்தில் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று லூக்கா பன்மையில் எழுதுகிறார். பார்த்ததைப் பவுல் கூட இருந்தவர்களிடம் சொன்னார், சேர்ந்து யோசித்தார்கள், சேர்ந்து முடிவுக்கு வந்தார்கள். பவுலுக்கே கூட இருந்தவர்கள் தேவைப்பட்டார்கள் என்றால் நமக்கு எவ்வளவு தேவை!

அதற்குப் பின்னால் நடந்தது இன்னும் அருமை. தரிசனத்தில் வந்தவன் ஓர் ஆண். மக்கெதோனியாவிலுள்ள பிலிப்பி பட்டணத்துக்குப் போனால் ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடியிருந்தது பெண்கள். முதலில் விசுவாசித்தவள் இரத்தாம்பரம் என்ற ஊதாத் துணி விற்கிற லீதியாள். அவளுடைய ஊர் தியத்தீரா, எந்த ஆசியா மாகாணத்தில் வசனம் சொல்ல வேண்டாம் என்று தடை வந்ததோ அதே மாகாணத்து ஊர். சில நாளிலேயே பவுலும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுச் சிறையில் கிடந்தார்கள். "தேவசித்தமாக இருந்தால் எல்லாம் சுலபமாக நடக்கும், தடை வந்தால் தேவசித்தம் இல்லை" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. பிலிப்பி சிறைச்சாலை அதை ஒத்துக்கொள்ளாது. ஆசியாவுக்கு வந்த தடையும் நிரந்தரம் இல்லை. பிற்பாடு பவுல் எபேசுவில் இரண்டு வருஷம் தங்கிப் போதித்தார், ஆசியாவில் குடியிருந்த எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று 19:10 சொல்கிறது.

அடையாளம் கேட்கலாமா என்று புதியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பனி தோலின்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டு, கிதியோன் மயிருள்ள தோலைக் களத்திலே போட்டானே என்பார்கள். அந்தக் கதையை நியாயாதிபதிகள் 6-ல் முழுதாகப் படியுங்கள். இஸ்ரவேலை மீட்கப் போ என்று தேவன் அவனுக்கு முன்னமே நேரடியாகச் சொல்லிவிட்டார். கிதியோனும் "நீர் சொன்னபடி" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறான். அவனுக்குத் தேவசித்தம் தெரியாமல் இல்லை, பயம். அந்தப் பயத்தைத் தேவன் பொறுத்துக்கொண்டார். அதை நாம் தினசரி முறையாக வைத்துக்கொள்ளச் சொல்லி வேதம் எங்கும் சொல்லவில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், உண்மைதான். பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பிறகு, சபை சீட்டுப் போட்டு எதையும் தீர்மானித்ததாகப் புதிய ஏற்பாட்டில் இல்லை. அப்போஸ்தலரும் மூப்பரும் எருசலேமில் கூடி விவாதித்த பிறகு, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதி அனுப்பினார்கள் (அப்போஸ்தலர் 15:28).

புதுவருஷ ஆராதனையில் எடுக்கும், ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த வசனம் வருஷம் முழுக்க உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் "உன் எல்லையைப் பெரிதாக்குவேன்" என்ற பொருளில் ஒரு வசனம் கையில் வந்ததற்காகப் பக்கத்து மனையை வட்டிக்குக் கடன் வாங்கி வாங்காதீர்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். வேதம் நம் மனதைப் புதிதாக்குகிற புத்தகம். ரோமர் 12:2 சொல்வதும் இதுதான்: தேவனுடைய சித்தம் இன்னதென்று பகுத்தறிய மனம் புதிதாக வேண்டும். ஒழுங்காக, தொடர்ச்சியாக, முன்பின் பார்த்துப் படிக்கப் படிக்கத்தான் தேவன் எதை விரும்புவார், எதை வெறுப்பார் என்று பிடிபட ஆரம்பிக்கும். இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொருவர் வந்து "கர்த்தர் உங்களுக்குச் சொல்லச் சொன்னார்" என்றால்? அலட்சியம் செய்யாதீர்கள், அப்படியே விழுங்கவும் செய்யாதீர்கள். "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டையும் பவுல் அடுத்தடுத்துச் சொல்கிறார். 1 இராஜாக்கள் 13-ல் தேவன் தன்னிடம் நேரடியாகச் சொன்னதை விட்டுவிட்டு, "தூதன் என்னிடம் சொன்னான்" என்று பொய் சொன்ன கிழவனான தீர்க்கதரிசியை நம்பிப் போனவனின் முடிவு பயங்கரமானது. உங்களுக்கு வரும் வார்த்தை வேதத்துக்கு முரணாக இருக்கிறதா, சொல்கிறவருக்கு அதில் பணமோ அதிகாரமோ கிடைக்கிறதா, "யாரிடமும் கேட்காதே" என்று அவசரப்படுத்துகிறாரா என்று பாருங்கள். இன்னாரைக் கல்யாணம் செய்துகொள் என்று ஒரு பெண்ணின் தலைமேல் கைவைத்துச் சொல்லி, மறுத்தால் சாபம் வரும் என்று பயமுறுத்துவது ஊழியம் அல்ல. அப்படி யாராவது செய்தால் எழுந்து வந்துவிடலாம், தேவன் கோபிக்க மாட்டார்.

"எனக்குச் சமாதானமாக இருக்கிறது, அதனால் தேவசித்தம்" என்பதையும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். தேவனைவிட்டு ஓடிய யோனா கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்தைச் செய்யப் போன இயேசு கெத்செமனே தோட்டத்தில் மிகவும் வியாகுலப்பட்டார், அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. அன்றைய மனநிலையை மட்டும் வைத்து இவர்கள் இருவரையும் எடைபோட்டால் என்ன ஆகும்!

அதற்காக உள்ளத்தில் நடப்பதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். சென்னை லயோலா கல்லூரி யாருடைய ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தக் கத்தோலிக்கப் புனிதர் இஞ்ஞாசியார், 1521-ல் ஸ்பெயின் நாட்டுப் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர். படுக்கையில் கிடந்தபோது படிக்க வீரக்கதைகள் கேட்டார், கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும். போர், புகழ், சீமாட்டிகள் என்று கற்பனை செய்தபோது அந்த நேரம் இனித்தது, முடிந்ததும் வறட்சியாக இருந்தது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தபோதோ நினைப்பு முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. எது அப்போதைக்கு இனிக்கிறது, எது பின்னாலும் நிற்கிறது என்று கவனிக்க அங்கே கற்றுக்கொண்டார். மனம் சோர்ந்து இருண்டிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்பதும் அவர் கொடுத்த அறிவுரை. நான் சீர்திருத்த சபையில் வளர்ந்தவன், ஆனாலும் இந்த அறிவுரையைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ராத்திரி பதினொரு மணிக்கு, மேலதிகாரி திட்டிய அன்றே ராஜினாமா எழுதப் போகிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவ மிஷனெரிக் குடும்பத்துப் பெண். மிஷனெரி ஆகப் போவதில்லை என்று தீர்மானமாக இருந்தவர். 1890களின் தொடக்கத்தில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிகளும் பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். மறுநாள் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். தூக்கமில்லாமல் ஜெபித்த அந்த இரவுக்குப் பிறகு, தேவன் தன்னை இந்த வேலைக்கு அழைக்கிறார் என்று அவர் உணர்ந்தார்.

கண்ணுக்கு முன்னால் ஒரு தேவை, தன்னால் கற்றுக்கொள்ள முடியும் என்ற நிலைமை, உறுத்திக்கொண்டே இருந்த மனசாட்சி, ஜெபம், இவை ஒன்றாகச் சேர்ந்தன. உடனே ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. அமெரிக்கா போய்ப் படித்து 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று சி.எம்.சி. என்று ஊரெல்லாம் சொல்லும் இடம் அப்படி வளர்ந்தது. அழைப்புக்கும் வேலைக்கும் நடுவில் வருஷக்கணக்கான படிப்பு இருந்தது. அந்தப் படிப்பும் கீழ்ப்படிதல்தான்.

இனி ஓர் அன்றாட உதாரணம். நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் தங்கைக்கு ரியாத்திலிருந்து வேலை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கடன், தம்பி கல்லூரியில், அப்பாவுக்கு இதய நோய். அவள் என்ன செய்யலாம்?

முதலில், இரண்டு பாதையில் எதிலாவது பாவம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அனுபவச் சான்றிதழில் இல்லாத வருஷத்தைச் சேர்த்துத் தரேன் என்று ஏஜென்ட் சொன்னால், அதற்குமேல் ஜெபிக்கவே தேவையில்லை. அந்த ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா, ஒப்பந்தத்தில் சம்பளம், விடுப்பு, திரும்பி வர டிக்கெட் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதும் ஆவிக்குரிய வேலைதான். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும் என்று யாக்கோபு 1:5 சொல்கிறது, அந்த ஞானம் பல நேரம் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கும்போது வருகிறது. சவூதியில் தேவாலயங்கள் கிடையாது. துபாயிலும் குவைத்திலும் தமிழ் ஆராதனைகள் நடக்கின்றன. ஐக்கியம் இல்லாமல் இரண்டு வருஷம் தாக்குப் பிடிக்க முடியுமா என்று அவள் தன்னையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார் என்று தம்பியோடு பேச வேண்டும். அங்கே போய் வந்த அக்கா ஒருத்தியிடமும், தன்னை நன்றாகத் தெரிந்த, இதில் லாபம் எதுவும் இல்லாத ஒரு மூத்த விசுவாசியிடமும் கேட்க வேண்டும். "ஆண்டவரே, போகச் சொன்னாலும் சரி, இருக்கச் சொன்னாலும் சரி" என்று மனதாரச் சொல்லும் இடத்துக்கு ஜெபத்தில் வந்து சேர வேண்டும். அங்கே வர நாளாகலாம், பரவாயில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு வழியும் நல்லதாகவே தெரிந்தால்? அவள் தனக்கு விருப்பமானதைத் தேர்ந்துகொள்ளலாம். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் வேதத்தில் இருக்கிறது. விதவையான சகோதரி கர்த்தருக்குட்பட்டவரை மணக்க வேண்டும், அந்த எல்லைக்குள் தனக்கு இஷ்டமானவரை மணக்க விடுதலை உண்டு என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7:39). எல்லையைத் தேவன் போடுகிறார், உள்ளே விருப்பத்துக்கு இடம் கொடுக்கிறார். ஒரே ஒரு புள்ளிதான் தேவசித்தம், அதைத் தவறவிட்டால் வாழ்க்கை முழுக்க இரண்டாம் தரம் என்று நினைத்து நடுங்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, அவர்கள் தேவனை ஒரு பிதாவாக நினைக்கவில்லையே என்று மனம் வலிக்கிறது.

நல்லவர்களே ஒத்துப்போகாத நேரமும் வரும். பவுல் எருசலேமுக்குப் போகும் வழியில், செசரியாவில், அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்காட்டி, எருசலேமில் உம்மை இப்படித்தான் கட்டுவார்கள் என்றார். எல்லாரும் போக வேண்டாம் என்று அழுதார்கள். பவுல் போவதில் உறுதியாக இருந்தார். கடைசியில் "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று சொல்லி அமர்ந்தார்கள். யாரும் யாரையும் விசுவாசம் இல்லாதவர் என்று சொல்லவில்லை. வீட்டில் ஒருவருடைய முடிவு உங்களுக்குச் சரியாகப் படாதபோது இந்த அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், சின்னதுதான், ஆனால் ஆட்களை நிறையக் காயப்படுத்துகிறது. பெண் பார்த்துவிட்டு "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்று போகிறோம். மனதில் அப்போதே வேண்டாம் என்று முடிவாகியிருக்கும். மாதக்கணக்கில் போனை எடுப்பதில்லை. அந்த வீட்டில் வேறு வரனும் பார்க்காமல் காத்திருப்பார்கள். பிறகு "தேவசித்தம் இல்லை போல" என்று ஒரு செய்தி. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்னவர் ஆண்டவர். உண்மையாகவே ஜெபிக்கப் போகிறீர்கள் என்றால், எந்தத் தேதிக்குள் பதில் தருவீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் அன்றைக்கே கூப்பிட்டு, "எங்களுக்குச் சரிவரவில்லை, மன்னிச்சுக்கோங்க, நீங்க வேறு இடம் பாருங்க" என்று உங்கள் பெயரிலேயே சொல்லிவிடுங்கள்.